புரோ நோட்டின் பின்பக்கம்: உரிமையியல் வழக்குப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டிய விதிகளும் கெடுக்களும்

புரோ நோட்டை, அதாவது வாங்கிய கடனைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்துப் போட்ட சீட்டை, கையில் வாங்கியதும் முதலில் தேதியைப் பார்ப்பேன். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பேன். தொகை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். சிவில் பக்கம் தொழில் செய்கிற வக்கீல்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

2025 ஆகஸ்டில் ஒரு பெரியவர் வந்தார். பிளாஸ்டிக் கவருக்குள் நாலாக மடித்த புரோ நோட்டு. மச்சினனுக்கு 4 லட்சம் கொடுத்திருக்கிறார். தேதி 14.05.2022. பின்பக்கம் இரண்டு இடத்தில் ‘ரூ.5,000 வரவு’ என்று எழுதியிருந்தது.

“இது யார் எழுத்துங்க ஐயா?”

“நான்தான் சார் எழுதி வச்சேன், மறந்துடக் கூடாதுன்னு.”

“அவர் கையெழுத்துப் போடலையா?”

“சொந்தத்துக்குள்ள எப்படி சார் கேக்குறது? கேக்குறப்பல்லாம் தர்றேன் தர்றேன்னுதான் சொன்னான்.”

புரோ நோட்டுக்குக் கெடு மூன்று வருடம். 14.05.2025 அன்றே அது முடிந்துவிட்டது. கோடை விடுமுறையில் விழுந்த கெடு என்பதால் ஜூனில் நீதிமன்றம் திறந்த அன்று போட்டிருந்தாலும் செல்லும். இவர் வந்ததோ ஆகஸ்டில். மச்சினன் தரமாட்டேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நல்லபடியாகப் பேசிக்கொண்டேதான் இருந்தான். அப்படிப் பேசிக்கொண்டிருந்த காலத்திலும் நாள் ஓடிக்கொண்டிருந்தது. இவர் கதை அத்தோடு முடியவில்லை, கீழே வருகிறேன்.

கெடு தாண்டினால் என்ன ஆகும்

இந்தியாவில் இதை ஆள்வது 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம். நீதிமன்ற வளாகத்தில் ‘லிமிடேஷன்’ என்பார்கள். அதன் 3ஆம் பிரிவை மட்டும் மனதில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது: கெடு தாண்டி வந்த வழக்கை, எதிராளி அதைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும், நீதிபதி தள்ளுபடி செய்தாக வேண்டும். இரக்கப்பட அவருக்கு இடமில்லை.

“தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாமே?” என்று பலர் கேட்பார்கள். 5ஆம் பிரிவில் அப்படி ஒரு வழி உண்டு, ஆனால் அது மேல்முறையீட்டுக்கும் சில மனுக்களுக்கும் மட்டும். புதிதாகப் போடும் அசல் வழக்குக்கு அது பொருந்தாது. ஒரே ஒரு நாள் தாமதம், அன்றைக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன் என்றாலும் செல்லாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நிறையப் பேர் தைரியமாக இருக்கிறார்கள்.

முதல் படி: இது சிவில் கோர்ட்டுக்குப் போகிற விஷயம்தானா?

பணம், நிலம், ஒப்பந்தம், பாகம், தடையாணை ஆகிய தகராறுகள் பொதுவாக சிவில் நீதிமன்றத்துக்குத்தான் வரும். ஆனால் சிலவற்றுக்குத் தனி இடம் உண்டு. அங்கே கெடுவும் வேறு.

வீட்டு வாடகைத் தகராறென்றால் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, அதன் கீழ் வரும் வாடகைகளுக்கு வாடகை நீதிமன்றம். கடைக்காரர் கெட்ட பொருளைக் கொடுத்தார், சேவையில் குறை என்றால் நுகர்வோர் ஆணையம். கெடு 2 வருடம், தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிப்பார்கள். சாலை விபத்து இழப்பீடு தீர்ப்பாயத்துக்குப் போகும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி சட்டம் சொல்லும் கெடு 6 மாதம். வியாபாரிகளுக்கு இடையே 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறு என்றால், அவசர நிவாரணம் கேட்காத பட்சத்தில், முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும். அந்தச் சமரச காலம் கெடுவில் சேராது.

செக் திரும்பிய வழக்கு இதோடு அடிக்கடி குழம்பும். அது குற்றவியல் பக்கம். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அதைப் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள், கட்டாவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக, பணத்தைத் திரும்பக் கேட்கும் சிவில் வழக்கின் மூன்று வருடம் நிற்காது. இரண்டும் தனித்தனிக் கடிகாரம்.

இரண்டாம் படி: நாளை எண்ணுங்கள்

நோட்டீஸ், வக்கீல் பீஸ், சாட்சி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இதை முதலில் செய்யுங்கள். கேள்வி இரண்டுதான். எத்தனை வருடம்? எந்த நாளிலிருந்து?

எத்தனை வருடம் என்பது சுலபம். காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் எண் போட்ட 137 இனங்கள் (‘ஆர்ட்டிகிள்’) இருக்கின்றன. பணம், ஒப்பந்தம் தொடர்பான பெரும்பாலானவற்றுக்கு 3 வருடம். அசையாச் சொத்தைத் திரும்பப் பெற 12 வருடம். அடமானம் வைத்தவர் அதை மீட்க 30 வருடம். அவதூறுக்கு நட்ட ஈடு கேட்க 1 வருடம் மட்டுமே. அட்டவணையில் எந்த இனத்திலும் சேராத வழக்குக்கு 113ஆம் இனம், 3 வருடம். அரசு போடும் வழக்குக்குப் பொதுவாக 30 வருடம். புறம்போக்கில் வீடு கட்டிப் பன்னிரண்டு வருடம் ஆச்சு, இனி என்னுடையது என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

எந்த நாளிலிருந்து என்பதில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

கேட்கும்போது தருவதாக எழுதிய புரோ நோட்டு: நோட்டு எழுதிய தேதியிலிருந்து. நீங்கள் கேட்ட தேதி கணக்கில் வராது. “நான் போன மாசம்தானே கேட்டேன்” என்பதெல்லாம் எடுபடாது. குறிப்பிட்ட தேதியில் தருவதாக எழுதியிருந்தால் மட்டும் அந்தத் தேதியிலிருந்து.

நோட்டு இல்லாத கைமாற்று: பணம் கொடுத்த நாளிலிருந்து.

கடையில் கடனுக்குக் கொடுத்த சரக்கு: தவணை பேசியிருந்தால் தவணை முடிந்த நாள், பேசாவிட்டால் சரக்கை ஒப்படைத்த நாள். கொத்தனார், ஆசாரி செய்த வேலைக்குக் கூலி பாக்கி என்றால், எப்போது தருவதென்று பேசாத பட்சத்தில், வேலை முடிந்த நாள்.

கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்பது: ஒப்பந்தத்தில் தேதி இருந்தால் அந்தத் தேதியிலிருந்து 3 வருடம், தேதி இல்லாவிட்டால் எதிராளி மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து. இதில் கெடுவுக்குள் வந்தால் மட்டும் போதாது. மதுரையில் ஒரு வீட்டை 1978இல் ஒப்பந்தம் போட்டு, 6 மாதக் கெடு வைத்து, ஒப்பந்த நாளிலிருந்து இரண்டரை வருடம் சும்மா இருந்த ஒருவர் வழக்குப் போட்டார். மூன்று வருடத்துக்குள்தான் வந்தார். ஆனாலும் 1997இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வீட்டைத் தர மறுத்தது. இடையில் வீட்டு விலை ஏறிவிட்டது, வாங்குபவர் சும்மா இருந்துவிட்டார் என்பது காரணம். எனவே அக்ரிமெண்ட் போட்டவர்கள் மீதிப் பணத்தைத் தயாராக வைத்திருந்ததற்கு எழுத்தில் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

போலி ஆவணத்தை ரத்து செய்வது: ரத்து கேட்பதற்கான விவரம் உங்களுக்கு முதலில் தெரியவந்த நாளிலிருந்து 3 வருடம். வருடத்துக்கு ஒரு முறையாவது வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். பதிவான பத்திரம் உங்களுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும் என்றுதான் எதிர்த்தரப்பு முதலில் கேட்கும்.

நிலத்தைத் திரும்பக் கேட்பது: பட்டா, பத்திரம் உங்கள் பேரில் இருந்தாலும், அடுத்தவர் அதை உங்களுக்கு எதிராகத் தன்னுடையது என்று வெளிப்படையாக அனுபவிக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 வருடம். இங்கே ஒரு கொடுமை உண்டு. கடன் காலாவதியானால் வழக்குப் போடும் வழி மட்டும்தான் போகும்; கடன் என்பது பாக்கிதான். ஆனால் நிலத்தில், 27ஆம் பிரிவின்படி, கெடு முடிந்தால் உரிமையே அற்றுப்போகும்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை பாகம்: ஒரே குடும்பச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது மற்றவருக்கு எதிரான அனுபவம் ஆகாது. ‘உனக்குப் பங்கு இல்லை’ என்று ஒதுக்கியது தெரிந்த நாளிலிருந்துதான் 12 வருடம். பெண் வாரிசுகள் இன்னொரு தேதியையும் நினைவில் வைக்க வேண்டும்: 20.12.2004க்கு முன் முறையாக முடிந்த பாகப்பிரிவினையையும் விற்பனையையும், மகளுக்கும் மகனைப் போலவே பங்கு தந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் தொடாது.

மைனர் சொத்தை அப்பாவோ அம்மாவோ நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதிலிருந்து 3 வருடம். அதாவது 21 வயது நிரம்புவதற்குள். இதற்கும் 12 வருடம் இருக்கிறது என்று டீக்கடையில் யாரோ சொன்னதை நம்பி, முப்பது வயதில் வருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

எண்ணும் முறை: தொடங்கும் நாளைச் சேர்க்க வேண்டாம். 14.05.2022 நோட்டுக்குக் கடைசி நாள் 14.05.2025. கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால், திறக்கும் நாளில் போடலாம். மே மாதக் கோடை விடுமுறையில் கெடு விழுபவர்களுக்கு இது உயிர். நோட்டில் ‘தை 5’ என்று தமிழ்த் தேதி எழுதியிருந்தாலும் கணக்கு ஆங்கில நாட்காட்டியில்தான். சட்டமே அப்படிச் சொல்கிறது. கொரோனா காலமான 15.03.2020 முதல் 28.02.2022 வரை உச்ச நீதிமன்ற உத்தரவால் எண்ணிக்கையிலிருந்து கழிகிறது. நிலத்துக்குப் பன்னிரண்டு வருடம் எண்ணுகிறவர்களுக்கு இது இன்னும் உதவும்.

மூன்றாம் படி: கடிகாரம் எப்போது நிற்கும், எப்போது திரும்பத் தொடங்கும்

நாள் ஓடத் தொடங்கிய பிறகு எதற்கும் நிற்காது என்பது 9ஆம் பிரிவின் பொது விதி. கடன் வாங்கியவர் இறந்தாலும், கொடுத்தவருக்குப் புத்தி பேதலித்தாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் சட்டம் சில வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது.

முதலாவது, எழுத்தில் ஒப்புதல். கெடு முடிவதற்குள், கடன் இருக்கிறது என்று கடன்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம். ‘இப்போது தர முடியாது’ என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை, கடன் உண்டு என்று அதில் தெரிந்தால் போதும். அவருடைய வக்கீல் அனுப்பும் பதில் நோட்டீஸில் அப்படி ஒரு வரி வந்துவிட்டால் அதுவும் ஒப்புதல்தான். எதிராளியின் பதிலை ஒருமுறைக்கு இருமுறை படிப்பது இதனால்.

இரண்டாவது, வரவு. கெடுவுக்குள் அசலிலோ வட்டியிலோ கொஞ்சம் கொடுத்தால், கொடுத்த நாளிலிருந்து புதிய மூன்று வருடம். ஆனால் கொடுத்ததற்கான குறிப்பு, கொடுத்தவர் கையால் எழுதியதாகவோ அவர் கையெழுத்திட்டதாகவோ இருக்க வேண்டும். பெரியவர் தன் கையால் எழுதிய ‘5,000 வரவு’ இங்கேதான் விழுந்தது. சரியான வரவு இப்படி இருக்கும்: நோட்டின் பின்பக்கம், ‘12.03.2024 அன்று வட்டியில் ரூ.5,000 செலுத்தினேன்’, கீழே மச்சினன் கையெழுத்து. ஒரு வரி. அவ்வளவுதான். அரை நிமிடக் கூச்சத்தைப் பொறுத்துக்கொண்டால் மூன்று வருடம் கிடைக்கும்.

செக்கில் கொடுத்திருந்தால் செக்கில் அவர் கையெழுத்தே இருப்பதால் உதவும். ஜிபேயில் போட்டிருந்தால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த வாரமே நோட்டில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ‘அண்ணே அடுத்த மாசம் தந்துடுறேன்’ என்று வந்ததையும் அழிக்காமல் வையுங்கள். அது சான்றாக வரவேண்டுமானால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. போனை மாற்றுவதற்கு முன் வக்கீலிடம் பேசுங்கள்.

இங்கே இரண்டு பள்ளம். கூட்டாகக் கடன் வாங்கியவர்களில் ஒருவர் போட்ட ஒப்புதல் மற்றவரைக் கட்டாது. கணவன், மனைவி இருவரும் நோட்டில் கையெழுத்திட்டிருந்தால் வரவிலும் இருவரும் போட வேண்டும். அடுத்தது, கெடு முடிந்த பிறகு வாங்கும் ஒப்புதல் எதற்கும் ஆகாது. அந்த நிலையில் ஒரே வழி, ‘இந்தக் கடனைத் தருகிறேன்’ என்று எழுத்தில் புதிய வாக்குறுதி வாங்குவது. ஒப்பந்தச் சட்டம் 25(3)இன்படி காலாவதியான கடனுக்குக்கூட அப்படிப்பட்ட கையெழுத்திட்ட வாக்குறுதி செல்லும். ‘கடன் உண்டு’ என்பதற்கும் ‘தருகிறேன்’ என்பதற்கும் இங்கே பெரிய வித்தியாசம்.

கழிக்கக்கூடிய காலங்கள்: எதிராளி இந்தியாவில் இல்லாத காலம் (துபாய், சிங்கப்பூர் போனவர்கள் விஷயத்தில் பாஸ்போர்ட் முத்திரை வரை பார்க்க வேண்டியிருக்கும்), நல்லெண்ணத்தோடு, ஆனால் அதிகாரம் இல்லாத நீதிமன்றத்தில் அதே வழக்கை நடத்திய காலம், அரசுக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய இரண்டு மாத நோட்டீஸ் காலம். மோசடியால் உண்மை மறைக்கப்பட்டிருந்தால் அது தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம்.

இனி, எது கடிகாரத்தை நிறுத்தாது? வக்கீல் நோட்டீஸ் நிறுத்தாது. காவல் நிலையத்தில் கொடுத்த மனு நிறுத்தாது. கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு, முதல்வர் தனிப்பிரிவுக்கு அனுப்பியது, ஊர்ப் பெரியவர்கள் வைத்த பேச்சு எதுவும் நிறுத்தாது.

பேச்சு நிறுத்தாது, ஆனால் அந்தப் பேச்சில் எழுதிய காகிதம் நிறுத்தும். பெரியவரிடம் கேட்டேன்: “மச்சினன் கையெழுத்துப் போட்ட காகிதம் வேற ஏதாவது இருக்கா? எந்த விஷயத்துக்கானாலும் சரி.” யோசித்துவிட்டு, 2023 அக்டோபரில் வரப்புத் தகராறு ஒன்றுக்கு ஊரில் எழுதிய முச்சலிக்கா, அதாவது கையெழுத்திட்ட உடன்பாட்டுக் காகிதம், இருக்கிறது என்றார். மறுநாள் கொண்டுவந்தார். நாலாவது வரியில், ‘மாமாவுக்குக் கொடுக்க வேண்டிய நோட்டுக் கடனை அறுவடை முடிந்ததும் கொடுத்துவிடுகிறேன்’. கீழே மச்சினன் கையெழுத்து. தேதி 02.10.2023, மூன்று வருடக் கெடுவுக்குள். 02.10.2026 வரை உயிர் வந்துவிட்டது.

நான்காம் படி: நோட்டீஸ்

தனியாள் மேல் பண வழக்குப் போட நோட்டீஸ் கட்டாயமில்லை. ஆனாலும் அனுப்புவது நல்லது, பதிலில் என்ன வரும் என்று தெரியாது. கெடு நெருங்கிவிட்டால் நோட்டீஸை விட்டுவிட்டு நேரே வழக்கைப் போடுங்கள்.

அரசு மேல், அரசு ஊழியர் தன் பணியில் செய்த காரியத்தின் மேல் என்றால் மட்டும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80ஆம் பிரிவு நோட்டீஸ் வேண்டும். இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் நீதிமன்ற அனுமதியோடு முன்பே போடலாம்.

ஐந்தாம் படி: எந்த ஊர், எந்த நீதிமன்றம், எவ்வளவு கட்டணம்

சொத்து வழக்கு, சொத்து இருக்கும் ஊரில். மற்றவை எதிராளி குடியிருக்கும் இடத்திலோ வழக்குமூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வு) எழுந்த இடத்திலோ. மதுரையில் நோட்டு எழுதிப் பணம் கொடுத்திருந்தால், கடன் வாங்கியவர் திருப்பூருக்குப் போய்விட்டாலும் மதுரையில் போடலாம்.

மதிப்பைப் பொறுத்து மாவட்ட முன்சீப், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்று படிகள். விசாரிக்க அதிகாரமுள்ள மிகக் கீழ்ப்படியில்தான் தொடங்க வேண்டும். தொகை வரம்புகளை அவ்வப்போது உயர்த்துகிறார்கள். தாக்கல் செய்யும் அன்றைய வரம்பை நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணம்: தமிழ்நாட்டில் பண வழக்குக்குக் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 2017க்கு முன் 7.5 சதவீதமாக இருந்தது. 4 லட்சத்துக்கு 12,000 ரூபாய். அதுவரை சேர்ந்த வட்டியையும் கேட்டால் அதற்கும் சேர்த்து. நீதிமன்றம் அனுப்பி வைத்த சமரசத்தில் முடிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கட்ட வழியில்லாதவர் வறியவர் மனுவோடு வரலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் போன்றவர்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அலுவலகம் இருக்கும். கேட்காமலேயே நகையை அடகு வைத்துவிட்டு வருகிறார்கள்.

ஆறாம் படி: பிராது

வழக்குரை என்று எழுதுவோம், பிராது என்று பேசுவோம். யார், யார் மேல், என்ன நடந்தது, வழக்குமூலம் எப்போது எழுந்தது, எந்த நீதிமன்றத்துக்கு ஏன் அதிகாரம், மதிப்பு எவ்வளவு, என்ன கேட்கிறோம். இவ்வளவுதான். மூன்று விஷயங்களை மட்டும் நீங்களே சரிபாருங்கள், எல்லாவற்றையும் வக்கீல் தலையில் போடாதீர்கள்.

நோட்டுத் தேதியிலிருந்து மூன்று வருடம் தாண்டியிருந்தால், எதனால் கெடு நீண்டது என்று பிராதிலேயே எழுதியிருக்க வேண்டும். பெரியவர் வழக்கில் முச்சலிக்காவுக்குத் தனிப் பத்தி கொடுத்தேன். பிராதைப் படித்த மாத்திரத்திலேயே காலாவதி என்று தெரிந்தால், விசாரணைக்கே போகாமல் நிராகரிக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 7 விதி 11இல் இடம் உண்டு.

ஒரே வழக்குமூலத்தில் கேட்கக்கூடியதையெல்லாம் ஒரே வழக்கில் கேட்க வேண்டும். அசலை இப்போது, வட்டியைப் பிறகு என்று பிரிக்க முடியாது.

கையில் உள்ள ஆவணங்களைப் பிராதோடு தாக்கல் செய்ய வேண்டும். புரோ நோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்து விழுந்திருக்கிறதா பாருங்கள். மற்ற பத்திரங்களில் முத்திரைத் தீர்வை குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். புரோ நோட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஸ்டாம்ப் இல்லாத நோட்டைச் சான்றாக ஏற்கவே மாட்டார்கள்.

தாக்கல் செய்தவுடன் வழக்கு நம்பர் ஆகிவிடாது, அதாவது எண் கொடுத்துக் கோப்பில் ஏற்றிவிட மாட்டார்கள். குறை கண்டு ‘ரிட்டர்ன்’ போடுவார்கள், கெடு கொடுத்து, சரிசெய்து திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள். கெடுவுக்குள் முதலில் தாக்கல் செய்திருந்தால் அந்தத் தேதிதான் கணக்கு. ஆனால் ரிட்டர்ன் ஆன காகிதக் கட்டு வக்கீல் ஆபீஸ் அலமாரியில் ஆறு மாதம் தூங்கினால் அதற்கு வேறு மனு, வேறு விளக்கம். வாரம் ஒருமுறை “நம்பர் ஆயிடுச்சா சார்?” என்று கேட்பதில் தப்பே இல்லை. நாங்கள் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

ஏழாம் படி: எதிராளியின் கெடுக்கள்

சம்மன் வந்தவருக்கு எதிருரை, அதாவது பிராதுக்கு எழுத்தில் பதில், தாக்கல் செய்ய 30 நாள். காரணம் சொன்னால் 90 நாள் வரை. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், அசாதாரணமான காரணம் இருந்தால் 90ஐத் தாண்டியும் அனுமதிக்கலாம் என்றது. வணிக வழக்கில் அந்தத் தயவு கிடையாது, 120ஆவது நாளோடு கதவு அடைபடும்.

சம்மனை வாங்காமல் ஓடினால் வழக்கு நின்றுவிடும் என்பது ஊரில் பரவலான நம்பிக்கை. கதவில் ஒட்டுவார்கள், பேப்பரில் விளம்பரம் போடுவார்கள், கடைசியில் எதிராளி இல்லாமலேயே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வரும். அதை ரத்து செய்யக் கேட்க, தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள். சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை (கையில் சேரவில்லை) என்றால் தீர்ப்பு தெரிந்த நாளிலிருந்து 30. இது மனு என்பதால் 5ஆம் பிரிவு உதவும்.

எட்டாம் படி: தீர்ப்புக்குப் பிறகு

தோற்றவர் மாவட்ட அளவிலான நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். தீர்ப்பு நகல் பெற ஆன காலம் இதில் கழியும். நீங்கள் நகலுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்துதான் அந்தக் கழிவு. தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனுப் போட்டுவிடுங்கள்.

ஜெயித்தவருக்குப் பணம் தானாக வராது. நிறைவேற்று மனு, அதாவது இ.பி., போட வேண்டும். கெடு 12 வருடம். கட்டாயச் செயலுறுத்தல் தீர்ப்புக்கு மட்டும் 3 வருடம். ‘சுவரை இடி’ என்ற தீர்ப்பை வாங்கி வைத்துக்கொண்டு நான்காவது வருடம் வருபவருக்கு வழியில்லை. நோட்டில் 24 சதவீத வட்டி எழுதியிருந்தாலும், தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி, வணிகக் கடனாக இல்லாவிட்டால், 6 சதவீதத்துக்கு மேல் கிடைக்காது. வட்டியை நம்பி இ.பி.யை ஆறப்போடுவதில் லாபம் இல்லை.

பெரியவர் வழக்கு நம்பர் ஆகிவிட்டது. மச்சினன் எதிருரையில் எடுத்த முதல் வாதமே காலாவதிதான். முச்சலிக்காவில் இருப்பது தன் கையெழுத்தே இல்லை என்பது இரண்டாவது. முச்சலிக்கா எழுதியபோது உடனிருந்த இருவரைச் சாட்சிக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். போன வாய்தாவுக்கு வந்தபோது பெரியவர், அசல் காகிதம் கிழியாமல் இருக்க லேமினேட் பண்ணிடட்டுமா சார் என்று கேட்டார். வேண்டாம் ஐயா என்றேன். அதன் மேல் நீதிமன்றம் சான்றாவண எண் எழுதி முத்திரை குத்த வேண்டும், பிளாஸ்டிக்கில் மை நிற்காது.